நேர்ப்பேச்சு

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
நூலகத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு காற்புள்ளியோடு நாற்பது நிமிடமாக நான்.
ஆண்டுக்கு முன்பா, பின்பா?
இதழின் பெயர் சாய்வெழுத்தில்,
கட்டுரையின் பெயர் நேரெழுத்தில்.
எது சாயலாம், எது நிமிர வேண்டும் என்று வகுத்தவர் பெயர்
எந்தப் பட்டியலிலும் இல்லை.

குளிர்கிடங்குத் தொழிலாளர் கைகளைப் பற்றிய கட்டுரை.
முப்பத்தெட்டு சதவீதம் பேருக்கு விரல் மரத்துப்போகிறது
என்று ஆறு ஆய்வுகள் சொல்கின்றன.
ஆறாவது ஐந்தாவதைக் கைகாட்டுகிறது,
ஐந்தாவது நான்காவதை.
நேற்றிரவு முதலாவதைப் பிடித்தேன்.
அதில் அந்த எண்ணே இல்லை.
பதினேழு பேரைக் கேட்டோம், சிலர் ஆம் என்றனர்,
அவ்வளவுதான்.

தமிழில் இதற்கென்றே
வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஓரசை உண்டு:
மரத்துப்போகிறதாம்.
யார் சொன்னது, எப்போது, எந்தப் பக்கம்
எல்லாவற்றையும் ஓர் 'ஆம்' விழுங்கிவிடும்.
பழைய இலக்கணக்காரர்களும்
'என்ப' என்று எழுதிவிட்டு எழுந்து போனார்கள்.
அவர்களுக்கு மதிப்பெண் குறைக்க
யார் இருந்தார்?

எண்ணை அழித்தேன்.
ஆறு மேற்கோளும் அதோடு உதிர்ந்தன.
மிச்சத்தை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஏற்றினேன்.
நான்கு சதவீதம், பச்சை வட்டம்.
பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாட எண்ணையும்
நான் திருடியிருக்கிறேனாம்.

பச்சை வட்டத்துக்குள்ளே
ஒரு வரி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது:
உறையும்போது கை வலிப்பதில்லை,
இளகும்போதுதான் வலிக்கும்.

அது என் வரி இல்லை.
டிசம்பரில், விடிகாலை மூன்றரைக்கு,
உறைந்த பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவே
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி
மரிவிக் சொன்னது.
தலையாட்டிவிட்டு
பெட்டி எண் குறிக்கும் பேனாவால்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
எந்த இயந்திரமும் படித்திராத மூலம்.
விட்டுவிடலாம்.
ஓரத்தில் 'அருமை' என்றுகூட வரும்.

வெள்ளி இரவு இடைவேளையில் கேட்டேன்,
பெயர் போடலாமா என்று.
"மேனேஜர் படிப்பாரா?"
"பேராசிரியர் மட்டும்தான்."
சோற்று டப்பாவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.
"போடு. ஆனால் பிழையில்லாமல்.
இங்கே அட்டையில் இரண்டு வருடமாய் நான் மார்விக்."

தாளில் எழுதிக் காட்டினேன்:
(ம. டுமலாகன், நேர்ப்பேச்சு, டிசம்பர் 12).
"மரிவிக் எங்கே?"
முதலெழுத்துதான் விதி என்றேன்.
"பின்னால் பட்டியலில் முழுசாய் வருமா?"
வராது.
வாசகர் தேடி எடுக்க முடியாத மூலத்துக்குப்
பட்டியலில் இடமில்லை.
"நான் இங்கேதானே இருக்கிறேன்,
ஏழாம் வரிசையில்,
ஞாயிறு தவிர எல்லா இரவும்?"

பதில் இல்லாததால் என் பெயரைக் காட்டினேன்.
நாளை யாராவது என்னை மேற்கோள் காட்டினால்
வேலாயுதம் என்று என் அப்பாவைத்தான் காட்டுவார்கள்.
இந்தப் பனியை அவர் பார்த்ததுகூட இல்லை.
சீராளனுக்கு மிஞ்சுவது ஒரு 'சீ.'
எங்கள் மொழியில் 'சீ' என்றால் என்னவென்று சொன்னேன்.
ஃபோர்க்லிஃப்ட்காரன் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.
ஆனாலும் அந்தத் தாளை
இன்னொருமுறை வாங்கிப் பார்த்தாள்.

மார்ச்சில் கட்டுரை திரும்பி வந்தது.
அவள் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மை:
ஆண்டு விடுபட்டுள்ளது. அரை மதிப்பெண் குறைவு.

அவளிடம் சொன்னேன்.
"பேரில் பிழை உண்டா?"
இல்லை.
"அப்போ சரி"
என்று கையுறையை மாட்டிக்கொண்டாள்,
முதலில் இடது,
பிறகு, சற்று மெதுவாக, வலது.